தராசின் முகம் எந்தப் பக்கம்?

ஒரு கூட்டுறவுச் சங்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நான் முதலில் பேரேட்டைத் திறப்பதில்லை. கொள்முதல் நடக்கும் இடத்துக்குப் போய், தராசில் எண் தெரியும் முகப்பு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கவனிப்பேன். ஊழியர் பக்கமா, சரக்கு கொண்டு வந்தவர் பக்கமா? கணக்குப் பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது.

கிராமக் கூட்டுறவு ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "ரெண்டு சங்கம். ஒரே அளவு பங்குத்தொகை, ஒரே சந்தை, ஒரே மழை. ஒன்று லாபத்தில் ஓடுது, இன்னொன்று மூடப் போகுது. ஏன்?" மூலதனம், சந்தை, தலைமை, அரசு உதவி என்று வழக்கமான பட்டியலைச் சொல்லியிருக்கலாம். பட்டியலில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அவர் கேட்டது அதையல்லவே. அதெல்லாம் ஒன்றாக இருந்தும் ஏன் என்றுதானே கேட்டார்?

நான் பார்த்த ஒரு பால் கொள்முதல் நிலையத்தைச் சொல்கிறேன். கொழுப்புச் சத்து அளக்கும் கருவியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். ஊழியர் குனிந்து பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். சீட்டு வாரக் கடைசியில்தான் வரும். ஒரு அம்மா கேனை நீட்டினார், காலிக் கேனை வாங்கினார், ஒரு வார்த்தை பேசாமல் போனார். சண்டையும் இல்லை, புகாரும் இல்லை. சில நாளில் அவருடைய பாலில் பாதி தனியார் வியாபாரியின் வண்டிக்குப் போகத் தொடங்கியது. ஆண்டறிக்கையில் அது எப்படிப் பதிவானது தெரியுமா? "கோடை காரணமாகக் கொள்முதல் குறைவு."

கம்பெனியில் நம்பிக்கை போன பங்குதாரர் பங்கை விற்றுவிட்டுப் போவார், விலை இறங்கும், எல்லோருக்கும் தெரியும். கூட்டுறவில் உறுப்பினர் பெயர் பதிவேட்டில் அப்படியே இருக்கும். சரக்கு மட்டும் வராது.

1946-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய கேடா மாவட்டப் பால் சங்கத்தை, அதாவது அமுலை, பற்றிப் பேசும்போது அதை வளர்த்த நிர்வாகி வர்கீஸ் குரியனைச் சொல்வோம். சங்கத்தைத் தொடங்கிய தலைவர் திரிபுவன்தாஸ் படேலைக் கொஞ்சம் பேர் சொல்வார்கள். எருமைப் பாலில் பவுடர் எடுத்துக் காட்டிய தலாயாவை இன்னும் குறைவான பேர். மூவரும் பெரியவர்கள்தான். ஆனால் கிராமத்து ஆளைத் தினமும் சங்கத்துக்கு வரவைத்தது வேறு: காலையிலும் மாலையிலும் அளவு, கொழுப்புச் சத்துச் சோதனை, அதற்கேற்ற பணம். தண்ணீர் கலந்தால் தனக்குத்தான் நஷ்டம், நல்ல பால் ஊற்றினால் தனக்குத்தான் லாபம் என்பது பிரசங்கம் இல்லாமலே புரிந்துவிடும்.

இதற்கும் நூறு வருடம் முன்னால், 1844-இல், இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையிலும் கதை இதுதான். கலப்படம் சாதாரணமாக இருந்த காலத்தில் சுத்தமான சரக்கு, சரியான எடை, கடன் கிடையாது. அதற்கு முந்தைய கூட்டுறவுக் கடைகள் பல கடன் கொடுத்தே கவிழ்ந்திருந்தன. ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய கடன் சங்கங்கள் சின்ன வட்டாரத்துக்குள்ளேயே நின்றதும் இதனால்தான். மாடு வாங்கக் கடன் எடுத்தவர் வீட்டில் மாடு நிற்கிறதா என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும்.

சரி, தனியார் தொழில் மட்டும் வேறா? 2008 வாக்கில் மும்பையை ஒட்டிய நெசவாலைகளில் ஸ்டான்ஃபோர்டு, உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தரையைச் சுத்தமாக வை, நூலை ரகம் பிரித்து அடுக்கு, துணியில் விழும் பழுதைத் தினமும் எழுது, மாதிரியான பாடங்கள்தான். முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது இன்னொன்று. முதலாளிகள் வெளி மேலாளரை நம்பாததால், குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் கம்பெனி வளர்ந்திருந்தது. தம்பி இல்லாததால் இரண்டாவது ஆலை இல்லை!

இனி, கூட்டுறவுக்கே உரிய ஒரு சிக்கல். பொதுக்குழுவில் குளிர்பதனத் தொட்டி வாங்கலாம் என்று தீர்மானம் வரும். முன்வரிசையிலிருந்து அறுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும், இந்த வருஷம் போனஸ் எவ்வளவு?" என்பார். பின்வரிசை கைதட்டும். அவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவது எளிது, நான் திட்டமாட்டேன். தொட்டி பலன் தர ஐந்தாறு வருடம் ஆகும், அதற்குள் அவர் மாட்டை விற்றிருப்பார். கம்பெனிப் பங்கு என்றால் ஏறிய விலைக்கு விற்கலாம். சங்கத்தில் போட்ட பங்குத்தொகைதான் திரும்ப வரும். அவர் கணக்கு சரி, சங்கத்தின் விதிதான் சரியில்லை. தொழிலாளர்களே உறுப்பினர்களாக இருக்கும் ஸ்பெயினின் மொண்ட்ராகன் கூட்டுறவுகளில் உபரியில் ஒரு பகுதியை ஒவ்வொரு உறுப்பினர் பெயரிலும் மூலதனக் கணக்கில் வரவு வைத்து, ஓய்வு பெறும்போது கொடுக்கிறார்கள். அப்படி இருந்தால் முன்வரிசைக்காரரும் தொட்டிக்குக் கை தூக்குவார்.

அதே மொண்ட்ராகனில்தான் 2013-இல் ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் திவாலானது. ஸ்பெயினில் வீடு கட்டுவது படுத்ததும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் வாங்க ஆளில்லை. சந்தை விழும்போது தராசைத் திருப்பி வைப்பது காப்பாற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேலை இழந்த பலருக்குக் குழுமத்தின் மற்ற கூட்டுறவுகள் இடம் கொடுத்தன.

வெளியிலிருந்து வரும் பணத்தைப் பற்றி ஒரு வரி. நஷ்டத்தை வேறு யாரோ அடைப்பார்கள் என்றால் எண்ணைப் பார்க்க யாருக்கும் அவசரம் இருக்காது. கடனை ஒழுங்காகக் கட்டியவர்தான் அடுத்த தள்ளுபடி அறிவிப்பில் ஏமாளி ஆகிறார்.

இத்தனையும் கேட்டுவிட்டு நண்பர், "அப்போ எங்க சங்கத்துல முதல்ல என்னதான் செய்யணும்?" என்றார். தராசை உறுப்பினர் பக்கம் திருப்புங்கள், சீட்டை அங்கேயே கொடுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார், தராசில் எண் தெரியாமல் போயே ஆறு மாதம் ஆகிறதாம். ஊழியர் உத்தேசமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.