கொலாஜன் பொடி நேராகத் தோலுக்குப் போவதில்லை

கொலாஜன் பொடி குடித்தால் அது அப்படியே முகத் தோலில் போய்ச் சேர்ந்து சுருக்கத்தை நிரப்பும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி நடக்க வழியில்லை.

கொலாஜன் தோலுக்கு உறுதி தரும் ஒரு புரதம். அதன் ஒவ்வொரு இழையிலும் சுமார் 1,000 அமினோ அமிலங்கள் (புரதத்தின் கட்டுமானத் துண்டுகள்), மூன்று இழைகள் கயிறு போல முறுக்கியிருக்கும். பொடியாக்கும்போதே அது துண்டாகிவிடுகிறது. மிச்சத்தை வயிற்றில் பெப்சின், சிறுகுடலில் டிரிப்சின் போன்ற செரிமான நொதிகள் வெட்டுகின்றன. ரத்தத்தில் சேர்வது பெரும்பாலும் தனி அமினோ அமிலங்களும், இரண்டு மூன்று சேர்ந்த சிறு துண்டுகளும்தான்.

சரி, தோல் செல் என்ன செய்கிறது? தன் மரபணு சொல்லும் வரிசையில், செல்லுக்குள் புரதம் தயாராகும் இடமான ரைபோசோமில், அமினோ அமிலங்களைப் புதிதாகக் கோத்துக் கொலாஜனை உண்டாக்குகிறது. கொலாஜனுக்கே உரிய ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் பொடியில் நிறைய உண்டு. ஆனால் அதை எடுத்துக் கோக்க மரபணுக் குறியீட்டில் இடமே கிடையாது! செல் முதலில் புரோலின் என்ற சாதாரண அமினோ அமிலத்தைக் கோத்து, பிறகே அதை மாற்றுகிறது. அந்த மாற்றத்துக்கு வைட்டமின் சி கட்டாயம் வேண்டும். அது இல்லாமல்தான் ஸ்கர்வி நோயில் ஈறில் ரத்தம் கசிகிறது.

இன்னொன்று: வெயிலின் புற ஊதாக் கதிர், கொலாஜனை உடைக்கும் நொதிகளைத் தோலில் கூட்டிவிடும். பொடிக்குச் செலவழிக்கும் முன் புரதத்துக்குப் பருப்பு, முட்டை, வைட்டமின் சிக்கு நெல்லிக்காய், கொய்யா, வெயிலுக்கு ஒரு குடை என்று யோசியுங்கள்.