மேட்டூர் எத்தனை அடி?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பெரியப்பா போனில் நலம் விசாரிப்பதை நிறுத்திவிடுவார். "மேட்டூர் எத்தனை அடிடா?" அதுதான் முதல் கேள்வி. பேப்பரில் பார்த்திருப்பார், டிவியில் கேட்டிருப்பார், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். ஜூன் 12-ல் அணையைத் திறப்பார்களா, குறுவை நெல்லுக்கு நாற்றங்கால் விடலாமா, எல்லாம் அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. டெல்டாவில் பிறந்த யாருக்கும் இது புரியும். நாங்கள் பஞ்சாங்கம் பார்க்கிறோமோ இல்லையோ, அணையின் முழு மட்டமான 120 அடியில் இருந்து கழித்துப் பார்க்கத் தெரியும்.

நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் இருந்தேன். அணை என்றால் அடி, டி.எம்.சி. (நூறு கோடி கனஅடி), கனஅடி. இவ்வளவுதான். 2017 கோடையில் மேட்டூருக்குப் போனபோதுதான் இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது.

அந்த வருஷம் அணை வறண்டு கிடந்தது. பண்ணவாடிப் பக்கம் வழக்கமாகப் பரிசல் போகும் இடத்தில் செருப்புக் காலோடு நடந்தே போனோம். 1934-ல் அணை நிரம்பியபோது மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளிப் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். எல்லாரும் அங்கேதான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள், நானும் எடுத்தேன். ஆனால் திரும்பி நடக்கும்போது என் கண் தரையில்தான் இருந்தது. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண். ஒரு வெடிப்புக்குள் கையை விட்டேன், முழங்கை வரை போனது, அடி தட்டவில்லை. உள்ளே இன்னும் ஈரம். மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தால் மாவு மாதிரி, ஒரு கல் கிடையாது, ஒரு நெருடல் கிடையாது. இந்த மண்ணை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் படுகைக் கொல்லையில், பழைய வயல்களில், நாலடி தோண்டினால் வரும் மண் இது. எங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டிய மண், இங்கேயே படுத்துவிட்டது.

அந்த மே மாத இறுதியில்தான், அணை கட்டி 83 வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, வண்டல் எடுத்துக்கொள்ள விவசாயிகளை அனுமதித்தார்கள். டிராக்டரும் டிப்பருமாக வரிசை கட்டி நின்றன. டிவியில் "மேட்டூர் அணை தூர்வாரப்படுகிறது" என்று ஓடியது. நான் பிறகு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2.83 கோடி கன மீட்டர். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு டி.எம்.சி. இடத்தைக் காலி செய்ய 28 லட்சம் லோடு வேண்டும். தினம் ஆயிரம் லோடு, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்றாலும் ஏழே முக்கால் வருஷம். அதற்குள் மேலேயிருந்து புதிதாக வந்து படிவதை யார் கணக்கில் எடுப்பது? தூர்வாருவது வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலத்துக்கு அந்த வண்டல் அமிர்தம். ஆனால் அதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. அணையின் கொள்ளளவு என்று நாம் இன்றும் ஒப்பிக்கிற 93.47 டி.எம்.சி., அணை புதிதாக இருந்தபோதே சொன்ன எண்.

இங்கே ஒரு விஷயம். தமிழில் கல்லணையும் அணைதான், மேட்டூரும் அணைதான். ஒரே சொல். (வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போன 'அனிகட்' என்ற சொல்லே நம் அணைக்கட்டுதான்.) இதனாலேயே "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கரிகாலன் அணை கட்டினான், இன்றைக்கு அணை வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர் கட்டாயம் கமெண்டில் வருவார். அவருக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். கல்லணை தண்ணீரை நிறுத்தவில்லை, திருப்பியது. வெள்ளம் அதிகமானால் காவிரியின் கிளையான கொள்ளிடத்தில் வழிய விட்டது. தண்ணீரோடு மணலும் சேறும் கீழே போய்க்கொண்டேதான் இருந்தன. மேட்டூர் ஆற்றை நிற்க வைக்கிறது. நின்ற தண்ணீர் சுமந்து வந்ததை அங்கேயே இறக்கிவிடும். நிறுத்துகிற எந்த அணைக்கும், எந்த நாட்டிலும், இதுதான் நியதி. இதில் நல்ல இன்ஜினியர் கெட்ட இன்ஜினியர் என்று ஒன்றும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், 190 வருஷத்துக்கு முன்னால் டெல்டாவின் பிரச்சினை இதற்கு நேர்மாறு. காவிரியின் தலைப்பு மணலால் மேடேறி, தண்ணீரெல்லாம் பள்ளமான கொள்ளிடத்தில் ஓடியது, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. அதைச் சரிசெய்யத்தான் ஆங்கிலேய இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836-ல் திருச்சி பக்கம் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். மண் அதிகம் என்று அணை கட்டிய ஆறு, இன்று மண் இல்லாமல் கிடக்கிறது.

மண்ணைத் தொலைத்த தண்ணீர் சும்மா வராது. எங்கள் தாத்தா காலத்தில் புதுத்தண்ணீர் செக்கச்செவேல் என்று நுங்கும் நுரையுமாக வருமாம். அதைச் சொம்பில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு எக்கல் (வண்டல்) இறங்கியிருக்கும் என்று அப்பா சொல்வார். இப்போது ஷட்டரைத் தூக்கிவிடுகிற தண்ணீர் சுமை இறக்கிய தண்ணீர். இறக்கிய சுமையை வழியில் எங்காவது ஏற்றிக்கொள்ளப் பார்க்கும். ஆற்றின் அடியைச் சுரண்டும், கரையைக் கரைக்கும். இதோடு நாமும் சேர்ந்துகொண்டோம். ஆறு கொண்டுவந்து சேர்ப்பது நின்றுபோன ஒரு பொருளை, பொக்லைன் வைத்து அள்ளினோம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குவாரி ஓடிய நாட்களில் ராத்திரி பூராவும் லாரி சத்தம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கரையிலிருந்து குதித்தால் மணலில் விழுவோம். இன்று அதே இடத்தில் குதித்தால் எலும்பு மிஞ்சாது.

2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்தில் ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. 182 வருஷம் நின்ற கட்டுமானம். மணல் எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அரசு சொன்னது. சரி, பழசாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூணும் சரிந்ததே, அதற்கும் வயசுதான் காரணமா? எனக்கு நம்பிக்கை இல்லை. அடிமண் இறங்கிப்போன ஆற்றில் எதைக் கட்டினாலும் அது கால் ஊன்ற இடம் தேடும்.

அந்த 2018-ஐ இன்னொரு காரணத்துக்காகவும் மறக்கக் கூடாது. ஜூலையில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு நிரம்பிய அணை, நாங்கள் எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடினோம். நிரம்பிய அணைக்கு வெள்ளத்தைத் தாங்கும் சக்தி கிடையாது, வருகிறதை அப்படியே கீழே தள்ளுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை என்பது ஆகஸ்டில் நொடிக்கு இரண்டு லட்சம் கனஅடி வந்தபோதுதான் உறைத்தது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் தேக்கி வைக்கப் பெரிய இடம் ஒன்றும் இல்லை. பாசனத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே அணையிடம் கேட்கிறோம். கேரளத்தில் அதே மாதம் வந்த பெருவெள்ளத்திலும் இந்தக் குழப்பத்துக்குப் பங்கு உண்டா என்ற விவாதம் நடந்தது. கொள்ளிடம் பொங்கி ஓடிய அதே நாட்களில் கடைமடையில் தண்ணீர் வரவில்லை என்று சாலை மறியல் நடந்தது, இதுவும் நம் ஊரில்தான்.

இப்போது கடல் பக்கம் வாருங்கள். வெள்ளம் வந்தால் போதும், "காவிரி நீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்று ஒரு தலைப்பு வந்துவிடும். எனக்கு இந்த 'வீணாக' மீது தீராத கோபம் உண்டு. டெல்டா என்பதே கடலில் 'வீணாக'ப் போன மண்ணால் உண்டான நிலம். அந்த வீண் இல்லையென்றால் நாகப்பட்டினம் இல்லை, மயிலாடுதுறை இல்லை, என் பெரியப்பாவின் மூன்று மா நிலம் இல்லை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக்குக் கொள்ளிடத்தின் நல்ல தண்ணீர் வேண்டும். இறாலுக்கு வேண்டும். ஆற்று நீர் நெட்டித் தள்ளாவிட்டால் உப்பு உள்ளே வரும். வந்துவிட்டது. கொள்ளிடத்தின் வாய்ப்பகுதியில் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர்களில் அடிபம்பில் உப்புத் தண்ணீர். அதைத் தடுக்கத் தடுப்பணை கேட்டுப் போராடுகிறார்கள். மேலே கட்டிய அணையின் வினையைத் தீர்க்கக் கீழே ஒரு அணை! அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, குடிக்கத் தண்ணீர் வேண்டாமா?

தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் கடல் ஊரைத் தின்பது அணைகளுக்கு முன்பிருந்தே நடப்பது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி போனதற்கு மேட்டூரைக் குற்றம் சொன்னால் அது பொய். ஆனால் கடல் எடுப்பதை ஆறு ஈடுகட்டிக்கொண்டிருந்தது, இப்போது அந்த வரவு சுருங்கிவிட்டது. நாம் கருங்கல்லைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

உள்ளம் மீன் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுவார்களே, அதுதான். கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும். அது காவிரியிலும் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. கொள்ளிடத்தில் அணைக்கரையில் கீழணை கட்டியதும் அதன் வழி மறிபட்டது. மீன் ஏறுவதற்குப் படிக்கட்டு மாதிரி ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள், மீனுக்கு அது பிடிபடவில்லை. மேட்டூர் வந்து வெள்ளத்தையும் அடக்கியபிறகு கதை முடிந்தது. அப்பாயி அணைக்கரைச் சந்தையில் உள்ளம் வாங்கிய கதையைச் சொல்லியிருக்கிறார். போன வருஷம் கொல்கத்தா நண்பர் ஒருவர் வீட்டில் அதைச் சாப்பிட்டேன். ருசி அபாரம், முள் அதைவிட அபாரம்.

இவ்வளவு சொல்கிறாயே, மேட்டூரை இடிக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. 1924 ஜூலை வெள்ளத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தா வீடு சுவர் வரைக்கும் கரைந்து, குடும்பமே கோயில் மதிலில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தது. அந்த வெள்ளத்தைக் கணக்கில் வைத்துத்தான் மேட்டூரின் உபரிநீர்ப் போக்கிகளையே வடிவமைத்தார்கள். என்னைப் படிக்க வைத்தது மேட்டூர்த் தண்ணீரில் விளைந்த நெல். அமெரிக்காவில் எல்வா ஆற்றில் 2011-லிருந்து 2014-க்குள் இரண்டு அணைகளை எடுத்தார்கள், தேங்கிக் கிடந்த மண் முகத்துவாரத்துக்கு வந்து கடற்கரை மறுபடி வளர்ந்தது. படித்தபோது பொறாமையாக இருந்தது. ஆனால் அந்த ஆற்றை நம்பி லட்சக்கணக்கான ஏக்கர் நெல் இல்லை. நம் கதை வேறு.

நான் கேட்பது கணக்கு. தினமும் நீர்மட்டம் சொல்கிறீர்களே, அதோடு வருஷத்துக்கு ஒருமுறையாவது சேறு எத்தனை, உண்மையான கொள்ளளவு எத்தனை என்று அதே பேப்பரில், அதே கட்டத்தில் போடுங்கள். ஆற்றிலிருந்து ஒரு லோடு மணல் எடுக்க அனுமதிக்கும் முன் அந்த வருஷம் ஒரு லோடு மணல் வந்து சேர்ந்ததா என்று காட்டுங்கள்.

அப்புறம் மேகதாது, மேட்டூருக்கு மேலே காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் அணை. 67.16 டி.எம்.சி., சுமார் 5,000 ஹெக்டேர் நிலம் மூழ்கும், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயக் காடு. நாம் இந்தப் பக்கம் நின்று "எங்கள் தண்ணீர்" என்கிறோம், அவர்கள் அந்தப் பக்கம் "பெங்களூருவுக்குக் குடிநீர்" என்கிறார்கள். கோர்ட்டில், தொலைக்காட்சியில், எல்லா இடத்திலும் டி.எம்.சி. மட்டும்தான் பேச்சு. ஏற்கெனவே கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி எல்லாம் ஆளுக்கொரு பங்கு சேற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. மிச்சத்தில் மேட்டூருக்கு வருவதையும் மேகதாது வாங்கிக்கொண்டால், தண்ணீர் பங்கீட்டுத் தீர்ப்பு சொன்ன 177.25 டி.எம்.சி.யைச் சொட்டு குறையாமல் கொடுத்தாலும், அதில் மண் எவ்வளவு இருக்கும் என்று தமிழ்நாட்டு வக்கீல்கூடக் கேட்டதாக நான் படித்ததில்லை.

நேற்றும் பெரியப்பா போன் செய்தார். அடியைச் சொன்னேன். "சேறு எத்தனை அடின்னு தெரியுமா பெரியப்பா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அதை யார்ரா அளக்குறா?" என்றார். பிறகு டி.ஏ.பி. உர மூட்டை என்ன விலை விற்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.