அறிவிக்கப்படாத தடைகள்தான் அதிகம்

1988 அக்டோபரில் சல்மான் ருஷ்டியின் 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலை இந்தியாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தடை வந்தது. 2019-ல் ஒரு வாசகர் அதை எதிர்த்து டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தடை ஆணையைக் காட்டச் சொன்னால், எந்த அதிகாரியாலும் காட்ட முடியவில்லை. அப்படி ஓர் ஆணை இல்லை என்றே கருத வேண்டியிருக்கிறது என்று சொல்லி 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. அடுத்த மாதமே டில்லியில் புத்தகம் விற்பனைக்கு வந்துவிட்டது.

36 வருடம்! இத்தனை காலம் அந்தப் புத்தகத்தைத் தடுத்து வைத்திருந்தது எங்கேயோ தொலைந்துபோன ஒரு காகிதம் மட்டுமல்ல, நம் பயமும்தான்.

பெருமாள்முருகனுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 'மாதொருபாகன்' நாவலை எந்த அரசும் தடை செய்யவில்லை. நாவல் தங்கள் மனதைப் புண்படுத்துகிறது என்று எதிர்த்தவர்களோடு 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஓர் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டு, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று இதே முகநூலில் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்டது. ஆனால் அதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது.

மனம் புண்படுகிறது என்பவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். உண்மையிலேயே புண்படும். மறுத்து எழுதுங்கள், கூட்டம் போட்டுக் கண்டியுங்கள், அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். எல்லாம் உங்கள் உரிமை. ஆனால் நான் எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அதில் சேராது.

எனக்கு அதைவிடக் கோபம், தங்கள் கட்சி எழுத்தாளருக்காக மட்டும் கருத்துச் சுதந்திரம் பேசுகிறவர்கள் மேல்தான். எதிர்த் தரப்புப் புத்தகத்துக்குத் தடை வந்தால் கமுக்கமாக இருந்துவிடுகிறார்கள், சிலர் கைகூடத் தட்டுகிறார்கள். நமக்குப் பிடித்த புத்தகத்துக்காகப் பேச எந்தக் கொள்கையும் தேவையில்லை. படிக்கும்போதே எரிச்சல் வருகிற புத்தகத்துக்காக வாய் திறக்கும்போதுதான் அது கொள்கை.

அரசு வெளிப்படையாகத் தடை செய்தால் எதிர்க்க வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் ஒரே ஆணையில் 25 புத்தகங்களைப் பறிமுதல் செய்யச் சொன்னது. சட்ட அறிஞர் ஏ.ஜி. நூரானி, எழுத்தாளர் அருந்ததி ராய் ஆகியோரின் புத்தகங்களும் அதில் உண்டு. இப்படியான ஆணைக்குச் சட்டப்படி அரசு காரணம் சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிட்டால் மூன்று நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். அந்தச் சட்டமே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாதாட ஓர் இடமாவது இருக்கிறது.

மிரட்டலுக்குப் பயந்து பதிப்பகம் சத்தமில்லாமல் ஒரு புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால்? நூலகம் அலமாரியிலிருந்து அகற்றிவிட்டால்? ஆணையும் இல்லை, அரசிதழும் இல்லை, எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

பதிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பயம் நியாயமானது. ஊழியர்கள் இருக்கிறார்கள், குடும்பம் இருக்கிறது. புத்தகத்தைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்றால் பெறுங்கள். ஆனால் என்ன மிரட்டல் வந்தது, எந்தப் பகுதிக்காக வந்தது என்று ஒரு பத்தியாவது எழுதி வெளியிடுங்கள். விஷயம் தெரிந்தால்தானே வாசகர்கள் உங்கள் பக்கம் வந்து நிற்க முடியும்?