'அண்ணாமலை'யை விட்டுவிட்டீர்களே!

கையால் எழுதிய அட்டை முதல் கம்ப்யூட்டர் வரை சினிமா டைட்டில் மாறிய கதையைச் சொன்ன கட்டுரையில் 1992-ல் வந்த 'அண்ணாமலை' இல்லையே! ஒளிப்புள்ளிகள் ஒவ்வோர் எழுத்தாகச் சேர்ந்து 'சூப்பர் ஸ்டார்' ஆகும், கூடவே தேவாவின் இசை. ரஜினிக்கு அந்த டைட்டில் கார்டு முதலில் வந்தது அதில்தான். இங்கே சிங்கப்பூரில் மெக்கன்சி ரோடு ரெக்ஸ் தியேட்டரில் ரஜினி படம் பார்த்தவர்களைக் கேளுங்கள், முதல் புள்ளிக்கே விசில் கிளம்பிவிடும்.

பழைய படங்களில் தூரிகையால் எழுதிய 'ழ'வின் சுழிப்பிலேயே ஓவியரின் கை தெரியும். இப்போது படத்தின் முதல் சண்டையெல்லாம் முடிந்து, சாவகாசமாகத் தலைப்பு வருகிறது. சரி, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைத்தவர்கள் பெயரெல்லாம் கடைசிக்குப் போய்விட்டது. அந்த நேரம் நம்மாட்கள் எம்ஆர்டி ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள்.