எண்ணூரில் கசிவை ஒத்துக்கொள்ள ஏன் இத்தனை நாள்?

எண்ணூரில் எது கசிந்தாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "பயப்பட ஒன்றுமில்லை."

2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. பெரிதாக எண்ணெய்க் கசிவில்லை என்றார்கள். அடுத்த சில நாளில் கரையோரப் பாறையெல்லாம் தார் பூசியது போல ஆனது. கடைசியில் அதை பக்கெட்டில் அள்ளினோம். ஆமாம், பக்கெட்.

2023 டிசம்பர், மிக்ஜாம் வெள்ளம். மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் மழைநீரோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆறு வழியாக முகத்துவாரம் வரை போனது. எங்கள் குழாயில் கசிவே இல்லை என்றது ஆலை நிறுவனம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் தலையிட்ட பிறகுதான் வேலை சூடுபிடித்தது.

இந்தத் தாமதம்தான் என் கோபம். எண்ணெய் குறுகலான கால்வாயில் இருக்கும்போதே குறுக்கே மிதவைத் தடுப்பு போட்டால் பெரும்பகுதியை அங்கேயே மடக்கிவிடலாம். கழிமுகத்தில் பரவிவிட்டால் அலையாத்திச் செடியின் வேர் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மீனவர்கள்தான் படகில் போய் மக்கால் மொண்டார்கள். பலர் கையில் உறை கூட இல்லை. எண்ணெய் ஏறிய நைலான் வலையைத் துவைத்து எடுக்க முடியாது, தூக்கித்தான் போடவேண்டும். வலை வாங்கினாலும் எண்ணூர் மீன் என்றால் வியாபாரி தயங்குவார். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு அதுவும் போச்சு. நிவாரணம்? குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000.

அந்த எண்ணெய் காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா. கப்பலிலிருந்து உர ஆலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் அது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் முன் குழாயைக் குளிர வைக்கும்போது கசிந்தது. தூக்கத்திலிருந்தவர்களை எழுப்பியது கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலும்தான். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈரத்துணியால் மூக்கை மூடி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகவேண்டும் என்று அந்த ஊருக்கு முன்பே யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா?

ஆலையை மூடு என்று கோஷம் போடுவதற்கு முன்னால் சின்னதாக மூன்று கேட்கிறேன். கசிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊருக்குச் சொல்லவேண்டும், தவறினால் அதற்குத் தனி அபராதம். குப்பத்துக்குள் கேட்கும்படி சைரன், வருஷத்துக்கு ஒரு முறையாவது ஊரோடு சேர்ந்து ஒத்திகை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொரு ஆலையின் மழைநீர் வாய்க்காலையும் மீனவப் பஞ்சாயத்து ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு சோதிக்கவேண்டும். இதற்கு ஆகும் செலவு, இந்த ஆலைகள் விளம்பரப் பலகைக்குப் போடும் காசைவிட அதிகமாக இருக்காது என்பது என் கணிப்பு.