வலி இல்லாத காதிலும் நீர் கோத்திருக்கும்
‘காதைப் பிடித்துக்கொண்டு அழாத குழந்தைக்குக் காதில் கோளாறு இல்லை’ என்று கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. குடியாத்தத்தில் எங்கள் 5 வயது மகள் ஒருநாளும் வலி என்றதில்லை; தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அடம் என்று நினைத்து நானே திட்டியிருக்கிறேன். வேலூரில் காது மருத்துவர் சிறு முனையொன்றைக் காதில் பொருத்தி அழுத்தத்தை மாற்றிப் பார்த்தார். செவிப்பறையின் அசைவைக் காட்டும் வரைபடத்தில் குன்றுபோல் எழ வேண்டிய கோடு கோடைப் பாலாறு மாதிரி தட்டையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர். ஆன்டிபயாடிக் எழுதவில்லை, 3 மாதம் பொறுக்கச் சொன்னார். அதற்குள் தானாகவே வற்றிவிட்டது. கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் காதில் விடச் சொல்லும் வெதுவெதுப்பான எண்ணெய் செவிப்பறையைத் தாண்டி உள்ளே போகாது (என் மாமியாரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன்). அந்த 3 மாதத்துக்குப் பிறகும் இரு காதிலும் நீர் தங்கி, கேட்கும் திறனும் குறைந்திருந்தால்தான் பெரும்பாலும் செவிப்பறையில் கிராமெட் (grommet) என்னும் சிறு குழாய் வைக்கும் பேச்சே வரும்.