பூச்சட்டியில் நாயுண்ணி

போன கிழமை திருகோணமலை டவுனில் ஒரு பூங்கன்றுக் கடையில், வேலியோரமெல்லாம் களையாகப் பரவும் நாயுண்ணிச் செடியை (லன்டானா) பூச்சட்டியில் வைத்து விற்கக் கண்டேன். ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும். "இது காய்க்காத சாதி அண்ணன், பயமில்லை" என்றார் கடைக்காரத் தம்பி. காய்க்காத சாதிகள் சிலவற்றின் மகரந்தம் வேலியில் நிற்கும் காட்டு நாயுண்ணியில் பலிக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார்.

தம்பலகாமத்தில் என் சின்னம்மாவிடம் நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த பசு ஒன்று உண்டு. கச்சான் காற்றில் புல்லெல்லாம் கருகிப்போன ஆடி மாதம், அது நிழலை விட்டு அசையவே இல்லை. மூக்கு வெடித்திருந்தது. சுட்டி இருந்த இடத்தில் மட்டும் தோல் பாளம் பாளமாக உரிந்திருந்தது. மிருக வைத்தியர் இமையை விரித்தார், உள்ளே மஞ்சள். "பசிக்கு நாயுண்ணி திண்டிருக்கம்மா." இலையின் நஞ்சு ஈரலைக் கெடுத்துவிட்டால் வெயில் பட்டாலே வெள்ளைத் தோல் வெந்துவிடுமாம். பசு பிழைத்தது, பால் நின்றுவிட்டது.

அவுஸ்திரேலியாவில் ஒரு புதுச் செடியை உள்ளே விடுமுன் 49 கேள்விகள் கேட்டுப் புள்ளி போடுகிறார்கள். 6ஐத் தாண்டினால் வந்த வழியே போக வேண்டியதுதான். வேறு நாட்டில் களையாகியிருக்கிறதா, பறவை விதை பரப்புமா, கால்நடைக்கு நஞ்சா, வெட்டினால் துளிர்க்குமா என்று போகும் பட்டியல். நம் நாயுண்ணிக்கு இந்த நான்குக்கும் 'ஓம்'தான். அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. 1826இல் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு யார் கேள்வி கேட்டது?

சரி, ஏறக்குறைய 200 வருடம் வேரூன்றியதை ஒழிப்போம் என்று கோஷம் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. காட்டுக்குள் நிற்பதோடு மல்லுக்கட்டினால் கை கிழிவதுதான் மிச்சம். மாடு போகும் பாதை, குளக்கட்டு, சனம் இடம்பெயர்ந்து திரும்பிய காணிகள், இங்கே முதலில் கை வைக்க வேண்டும். எரிப்பது வீண்வேலை, மழைக்கு அடிக்கட்டை மறுபடி தளிர்த்துவிடும். கடைகளில் புதிதாக வந்து இறங்கும் கன்றுகளிடம்தான் அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

சின்னம்மா இப்போது ஐப்பசி மழையில் மண் இளகியதும் அலவாங்கோடு இறங்கிவிடுகிறார், காய்க்க முன்னமே வேரோடு கெல்லிவிட. கிணற்றடியில் மட்டும் ஒரு பற்றை நிற்கிறது. பேரப்பிள்ளைகள் கறுத்த பழம் பறித்துத் தின்கிறார்களாம், விடு என்கிறார். பச்சைக்காய் நஞ்சு, மைனாவும் அதே பழத்தைத்தான் கொண்டுபோய்ப் போடுகிறது என்றேன். "நீயும் திண்டு வளர்ந்தவன்தானே" என்று வாயை அடைத்துவிட்டார். அந்தப் பற்றை இன்னும் நிற்கிறது.